புலிக்கு டபுள் சிக்னல்

முந்தாநாள் சனிக்கிழமை மத்தியானம் 1.45 மணியிலிருந்து 2.40 வரை பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய ஒரு சந்தில், உச்சி வெயிலில் நின்றிருந்தேன். கையில் வீட்டுக்காரிக்குத் தாப்பாவ் கட்டிய மீன்குழம்பு. எதிரில் என் காடி. என் காடிக்கும் மற்ற உலகத்துக்கும் நடுவில், குறுக்கே, ஒரு கறுப்புக் காடி. அதன் மஞ்சள் விளக்குகள் மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டிருந்தன. டபுள் சிக்னல். அந்தச் சிவப்பு முக்கோணப் பித்தானை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டால் போதும், அப்புறம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

அந்த 55 நிமிடத்தில் புலிகளைப் பற்றி ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நான் ஏன் பாயசம்கூடக் குடிக்காமல் தனியாக எழுந்து வந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உள்ளே, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், என் மச்சான் புலி காட்டிக்கொண்டிருந்தான்.

மொத்தம் 2,314 படங்கள். "ஒண்ணு ரெண்டு நல்லதா எடுத்துக் காட்டு மச்சான்" என்றால் கேட்க மாட்டான். "இல்ல மாமா, மொதல்லருந்து பார்த்தாத்தான் அந்த ஃபீலிங் வரும்" என்பான். முதல் நானூறு படத்தில் புலி கிடையாது. விமான நிலையத்தில் அவன், ரயிலில் அவன், தொப்பியோடு அவன், தொப்பியில்லாமல் அவன். அப்புறம் புல். "இது புல்லு மாமா. இதுக்குப் பின்னாலதான் இருக்கு." அடுத்த படம். "இதுவும் அதே புல்லுதான். ஆனா இப்ப எந்திரிச்சு நிக்குது." எது எழுந்து நிற்கிறது, புல்லா? ரசம் சொட்டும் விரல்களை மடக்கிக்கொண்டு சுண்டுவிரலால் தள்ளித் தள்ளிப் போனான். ஐந்நூறைத் தாண்டியதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் வந்தது. திரையில் அப்பளத்தூள் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைக்கப் போனேன். "மாமா! அதான் புலி!"

பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஊலு கிள்ளான் ஜூவுல எடுத்ததா தம்பி?" என்றார். மச்சானின் முகத்தில் ரத்தம் ஏறியது. "அங்கள், இது காட்டுப் புலி. இந்தியா." சொல்லிவிட்டு, கைப்பேசியை அந்த மேசைப் பக்கம் திருப்பி, மறுபடியும் முதல் படத்துக்குப் போனான். விமான நிலையத்தில் அவன். நான் எழுந்துவிட்டேன்.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த 2,314 படங்களும் எடுக்கப்பட்டபோது அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது நான்தான். என்னிடம் 1,106 இருக்கின்றன. நான் யாருக்கும் காட்டுவதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். காட்டாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, பின்னால் தெரியும்.

புலி பார்க்க இந்தியா வரை எதற்கு, நம் நாட்டுச் சின்னத்திலேயே இரண்டு நிற்கிறதே என்பீர்கள். சின்னத்தில் இரண்டு, வங்கி அட்டையில் ஒன்று, பந்து விளையாடுகிற பையன்களின் சட்டையில் ஒன்று, தலைவலித் தைலப் புட்டியில் ஒன்று, பீர் போத்தலில் ஒன்று. இத்தனையும் ஒரே சட்டைப்பையிலும் ஒரே மேசையிலும் கிடைக்கும். காட்டில்தான் இல்லை. 2016 முதல் 2020 வரை தேசிய அளவில் கணக்கெடுத்துவிட்டு, 150க்கும் குறைவு என்றார்கள். 1950களில் 3,000 இருந்திருக்கும் என்று ஒரு மதிப்பு. 150 என்பது கிள்ளானில் ஒரு சுமாரான கல்யாணத்தின் முதல் பந்திக்குக்கூடக் காணாது. தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் காடு. அங்கே புலியைப் படம் பிடிப்பது மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமரா. அது யாரையும் முழங்கையால் இடிப்பதில்லை, எழுந்து நின்று பின்னாலிருப்பவனை மறைப்பதில்லை, எடுத்ததைச் சாப்பாட்டுக் கடையில் காட்டுவதுமில்லை. நல்ல பிறவி.

என் தாத்தா புலி பார்த்தவர். பெந்தோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். விடியுமுன்னே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனபோது இரண்டு பச்சைக் கண்கள் எதிரே நின்றனவாம். வாளியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து லயத்துக்கு வந்துவிட்டார். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகும் 'புலி' என்று வாயைத் திறந்து சொன்னதில்லை, 'பெரியவரு' என்றுதான் சொல்வார். மலாய்க்காரர்கள் 'தோக் பெலாங்' என்பார்களே, கோடு போட்ட தாத்தா என்று, அது மாதிரி. ஆதாரம் என்று அவரிடம் ஒரு படம்கூட இல்லை. ஜூவில் பார்த்ததா என்று அவரை யாரும் கேட்டதும் இல்லை.

சரி, எங்கள் பயணம். முதலில் ரந்தம்பூர் போனோம். அந்தக் காட்டைச் சுற்றுலாவுக்காக 10 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 6 பேர் உட்காரும் ஜிப்சி, இல்லையென்றால் 20 பேர் உட்காரும் கேன்டர். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. 3, 4 என்றால் ஏரிக்கரை மண்டலங்கள். உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட புலி என்று பெயர் வாங்கிய மச்லி வாழ்ந்த இடம் அது. மச்லி என்றால் இந்தியில் மீன். முகத்தில் மீன் போல ஓர் அடையாளம். 2016இல் செத்துப்போயிற்று. மச்சான் அந்த ஏரியை மட்டும் 90 படம் எடுத்தான், புலி இருந்த இடம் என்று. கோட்டைக்குள் திரிநேத்ர கணேசர் கோயில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ மக்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தின் முதல் பத்திரிகையை அவருக்குத் தபாலில் அனுப்புவார்களாம். மச்சான் நேரிலேயே போய் விண்ணப்பம் வைத்தான்: புலி வர வேண்டும், நல்ல வெளிச்சத்தில் வர வேண்டும், பக்கவாட்டில் வேண்டாம், நேருக்கு நேர். பிள்ளையார் நான்கு நடையிலும் மயில் காட்டினார்.

புலி கிடைத்தது வேறொரு காட்டில். மத்திய இந்தியாவில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொல்லி யாராவது வழக்குப் போட்டால் எனக்குச் சாட்சி மச்சான்தான். அந்த நிலைமைக்கு நான் ஆளாக விரும்பவில்லை.

காலை ஏழு மணி இருக்கும். தூரத்தில் கடமான் ஒன்று கொம்பு ஊதுவது போல ஒரு குரல் கொடுத்தது. அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓட்டுநர் திடீரென்று கிள்ளான் ஃபெடரல் ஹைவேயில் ஏழு மணிக்குப் போகிறவன் மாதிரி ஆகிவிட்டார். செம்மண் புழுதி, குலுக்கல், எனக்கு இடுப்பில் ஏற்கெனவே பிரச்சினை. போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் பதினெட்டு வண்டிகள். எண்ணினேன். புலியைப் பார்க்கவில்லை, ஆகவே வண்டிகளை எண்ண நேரம் இருந்தது.

புலி வேட்டையாடிய காலத்தில், மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்து சுடுவார்கள். அந்தப் பரணுக்கு இந்தியில் என்ன பெயர் தெரியுமா? மச்சான். ஏறி உட்காருவதற்குத்தான் மச்சான் என்பது அந்த ஊர் வழக்கம். நம் ஊரில் மச்சான்தான் நம் மேல் ஏறுவான். அன்று அவன் இருக்கை மேல் ஏறி, ஒரு காலை என் தொடையில் ஊன்றி, "மாமா ஆடாதீங்க, ஆடாதீங்க" என்றபடி சுட்டுக்கொண்டிருந்தான். என் கேமராவில் விலங்கின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்துச் சதுரம் போடும் வசதி உண்டு. அதற்காகவே கூடுதல் காசு கொடுத்து வாங்கினேன். சதுரம் போட்டது. பச்சை நிறத்தில், அழகாக, மச்சானின் முகத்தில். நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அவனையே தேடிப் போய் உட்கார்ந்தது. என்னுடைய 1,106இல் எழுநூறு அவன்தான். மீதியில் பக்கத்து வண்டிக்காரர் ஒருவரின் காது நிறைய வருகிறது. காதில் முளைத்த மூன்று முடியும் தனித்தனியே தெரிகிற அளவுக்குத் துல்லியம். விலைக்கு ஏற்ற கேமராதான், குறை சொல்ல முடியாது.

என் மனைவி புலியைப் பார்த்தாள். "பாவம், எளச்சுப் போயிருக்கு" என்றாள், ரொம்ப நாள் கழித்துப் பார்த்த நாத்தனாரைச் சொல்வது போல. அப்புறம் கழிவறை எங்கே என்று கேட்டாள்.

விதி இல்லாமல் இல்லை. 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் புலிக் காடுகளின் மையப் பகுதியில் சுற்றுலாவையே சில மாதம் நிறுத்திவைத்து, பிறகு வழிகாட்டு நெறிகளோடுதான் திறந்துவிட்டது. விலங்கிலிருந்து 20 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 2024 டிசம்பர் 31ஆம் தேதி, மகாராஷ்டிராவின் உம்ரேட் சரணாலயப் பக்கம் எஃப்2 என்ற தாய்ப்புலியையும் அதன் 5 குட்டிகளையும் முன்னும் பின்னும் சஃபாரி வண்டிகள் மறித்து நின்றன. காணொளி பரவி, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மையப் பகுதிச் சுற்றுலாவில் கைப்பேசியே கூடாது என்று சொல்லிவிட்டது. மச்சான் இந்தச் செய்தியைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, கீழே "நல்லவேளை, நாம முன்னாடியே போய்ட்டு வந்துட்டோம்" என்று எழுதியிருந்தான். பக்கத்திலேயே ஒரு கைகூப்பல். இலங்கையில் யாலாவுக்குப் போனால் சிறுத்தைக்கும் இதே மரியாதைதான். ஜீப் வரிசையைப் பார்த்தாலே மரத்தில் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சந்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்தப் பதினெட்டு வண்டிகளை நான் முன்னமே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது. இங்கேதான். இதே சந்தில்தான். டபுள் சிக்னல் ஒன்றுதான் அங்கே குறைச்சல்.

நினைத்துப் பாருங்கள். ஒரு புலி சனிக்கிழமை மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ் வருகிறது. ஆட்டுக்கறிப் பிரட்டல் ஒரு பொட்டலம் தாப்பாவ் கட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒழுங்கான புலி. மூன்று சுற்று சுற்றி, கோடு போட்ட இடம் கிடைத்து, கைப்பேசிச் செயலியில் காசும் கட்டிவிட்டுத்தான் இறங்குகிறது. பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வந்தால், சுற்றிலும் பதினெட்டு காடி, பதினெட்டும் கண்ணடிக்கின்றன.

புலிக்குப் பொறுமை உண்டு. ஒரு மானுக்காக மணிக்கணக்கில் புல்லுக்குள் படுத்துக் கிடக்கிற ஜாதி. முதலில் காத்திருக்கிறது. பிறகு முதல் காடியின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறது. டாஷ்போர்டில் நம்பர் எழுதிய அட்டை. அடிக்கிறது, எடுக்கவில்லை. இரண்டாவது காடியில் பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் எழுதிய நம்பர். வெயிலில் கடைசி இரண்டு எண் வெளுத்துவிட்டது. மூன்றாவதில் நம்பரே இல்லை, பிள்ளையார் இருக்கிறார். அவரிடம் என்ன கேட்பது, கேட்டால் மயில் காட்டுவார். நான்காவது காடிக்காரர் நல்ல மனுஷன், வேண்டியவர்கள் தள்ளிக்கொள்ளட்டும் என்று ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். புலி முன்னங்கால் இரண்டையும் வைத்துத் தள்ளுகிறது. அது உருண்டு போய் ஐந்தாவது காடியில் முட்டி நிற்கிறது. ஐந்தாவதில் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது.

ஐந்தாவதில் ஆளும் இருக்கிறான். இதுதான் பெரிய கொடுமை. ஏர்கான் ஓடுகிறது, ஆள் கைப்பேசி பார்க்கிறான். புலி கண்ணாடியை நகத்தால் தட்டுகிறது. இரண்டு அங்குலம் இறக்குகிறான். "கெஜாப், பாஸ்." மறுபடியும் ஏற்றிவிடுகிறான். புலிக்குப் பசி தெரியும், பருவம் தெரியும், அந்தி தெரியும். கெஜாப் என்றால் எவ்வளவு நேரம் என்று தெரியாது. இந்த நாட்டில் பிறந்து அறுபது வருஷமான எனக்கே தெரியாது. ஆறாவதில் ஒரு தாத்தா முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். "மருமக புருவம் திருத்தப் போயிருக்கு தம்பி, இந்தா வந்துரும்." தாத்தாவை என்ன செய்ய முடியும்? புலியாக இருந்தாலும் பெரியவர்கள் இருக்கிறார்களே.

இதற்குள் 'ஜாகா' பார்க்கிறவன் வந்துவிடுகிறான். "பாஸ், ரெண்டு வெள்ளி." எதற்கு? "காடிய பார்த்துக்கிட்டேன்ல?" பதினெட்டு காடி வந்து மறித்ததையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். புலி இரண்டு வெள்ளி கொடுக்கிறது. கடைக்காரர் மைக்கைப் பிடிக்கிறார். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் காடி நம்பர் அறிவிப்பார்களே, அந்தக் குரல்: "மஞ்சளும் கறுப்பும் கோடு போட்டது யாருடையது? வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. தயவுசெய்து உடனே நகர்த்தவும்." கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. பத்துப் பேர் கைப்பேசியைத் தூக்குகிறார்கள். ஒரு அங்கள் புலியின் தோளில் கைபோட்டு, "இங்க பாரு, இங்க பாரு" என்கிறார். கடைசியில் நகராண்மை ஆள் சமன் புத்தகத்தோடு வருகிறார், பதினெட்டு காடியையும் ஒரு சுற்றுப் பார்க்கிறார், சமனைக் கிழித்துப் புலியிடம் கொடுக்கிறார். கோடு போட்ட இடத்தில் நிறுத்தியது அது ஒன்றுதான்; நேரம் முடிந்து ஏழு நிமிடமாகிவிட்டது.

இவ்வளவு பேசுகிறேனே, நான் டபுள் சிக்னல் போட்டதே இல்லையா என்றால், போட்டிருக்கிறேன். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில், தீபாவளிக்கு முந்தின நாள், நாலு நம்பர் கடை முன்னால். அது நிஜமாகவே கெஜாப்தான். நம்பர் விழவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

மணி 2.20. மீன்குழம்புப் பொட்டலத்தின் அடியில் எண்ணெய் கசிய ஆரம்பித்திருந்தது. கறுப்புக் காடியின் டாஷ்போர்டில் நம்பர் அட்டை இருந்தது. அச்சடித்தது, பிளாஸ்டிக் உறை போட்டது. முறையாக மறிக்கிற ஆள். ஆறாவது தடவையாக அடித்தேன். இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டதில், காடிக்குள்ளேயே எங்கோ மணி அடித்தது. குனிந்து பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் கைப்பேசி கிடந்தது. திரையில் என் நம்பர், கீழே "6 தவறிய அழைப்புகள்". பூட்டிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அழைப்பு. ஏன் என்றே தெரியாமல் அதை ஒரு படம் எடுத்தேன். இப்போது 1,107.

2.40க்கு ஆள் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் இரண்டு தாப்பாவ் பை. நான் 55 நிமிடமாகச் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் எடுத்து விடுவதற்கு வாயைத் திறந்தேன்.

"சாரி பாஸ், சாரி, சாரி" என்றார். "தாப்பாவ் மட்டும்தான் எடுக்க வந்தேன். உள்ள ஒரு அண்ணன் புலிப் படம் காட்டிக்கிட்டிருந்தாரு. கடையே அவர் மேசையைச் சுத்தி நிக்குது, வெளிய வர வழியில்ல. அப்புறம் பாதியில எந்திரிச்சு வரவும் மனசு வரல. புல்லு வரைக்கும் வந்துட்டாரு."

அவருக்குப் பின்னாலேயே மச்சான் பல் குத்திக்கொண்டு வந்தான். "இன்னும் நெறைய இருக்கு பிரதர்" என்றான் அவரிடம். "மிச்சத்த வாட்ஸ்ஆப்ல அனுப்பட்டுமா? நம்பர் என்ன?"

"மாமாகிட்ட இருக்கு" என்று என்னைக் காட்டினார் அந்த ஆள்.